பேஷண்டோடு வந்தது யார்?

அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, வார்டு வாசலில் ஒரு நாளில் பலமுறை இந்தக் குரல் கேட்கும்: "இந்த பேஷண்டோட வந்தது யாருங்க?" பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து ஓடுவார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பார்மசி வரிசையில் நிற்பார். ரத்த மாதிரியை லேபில் கொடுத்துவிட்டு வருவார். கையெழுத்துக் கேட்ட இடத்தில் போடுவார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தள்ளுவார். இரவில் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து, ட்ரிப்ஸ் எப்போது தீரும் என்று அண்ணாந்து பார்த்தபடி படுத்திருப்பார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நோயாளியின் பெயரில் ஒரு தடித்த கோப்பு கைக்கு வரும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வேளைக்கு வேளை பார்த்த ரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். கூட இருந்தவரின் ரத்த அழுத்தத்தை அத்தனை நாளில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே ஆள்தான். பக்கவாதம், மறதி நோய், மனச்சிதைவு, முற்றிய புற்றுநோய், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்று நோய் எதுவாக இருந்தாலும், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில் வந்து நிற்கிறது. மனைவி, மகள், மருமகள். சில வீடுகளில் கணவர், அல்லது கல்யாணமாகாத மகன். மாதக்கணக்கில் என்றில்லை, ஆண்டுக்கணக்கில். அந்த ஒருவரின் உடம்புக்கும் மனதுக்கும் என்ன நடக்கிறது என்பதை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை. சேர்ந்திருந்தால் சிலர் இன்னும் நல்லபடி இருந்திருப்பார்கள்.

முதலில் ஒரு புண்ணைப் பற்றி.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர் என்ற உளவியலாளரும், நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்த அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 1995இல் லான்செட் இதழில் வந்தது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள். அதே வயது, அதே வருமானம் உள்ள, அப்படிப் பொறுப்பு எதுவும் இல்லாத இன்னொரு 13 பெண்கள். ஒவ்வொருவரின் முன்கையின் உட்பக்கத்திலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில், பட்டாணியைவிடச் சிறிய ஒரு வட்டத் துளை போடப்பட்டது. அது ஆறுவதைப் புகைப்படம் எடுத்துத் தொடர்ந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கக் கூடாது. அப்போதுதான் புண் ஆறியதாகக் கணக்கு. பொறுப்பு இல்லாத பெண்களுக்கு அது சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு 48.7 நாள் ஆனது. ஒன்பது நாள் கூடுதல். அவர்களின் வெள்ளையணுக்கள் புண்ணை ஆற்றும் வேலையைத் தொடங்கி வைக்கும் ஒரு வேதிப்பொருளைக் குறைவாகவே சுரந்தன.

அடுத்த ஆண்டு அதே குழு ஃப்ளூ தடுப்பூசியை வைத்துப் பார்த்தது. ஊசி போட்ட பிறகு எதிர்ப்பணு போதிய அளவு கூடியவர்கள், மற்ற முதியவர்களில் நூற்றுக்கு 66 பேர். மறதி நோய் வந்த கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்பவர்களில் நூற்றுக்கு 38 பேர்தான். ஊசி ஒன்று, மருந்து ஒன்று. உடம்பு மட்டும் அதை ஏற்கும் நிலையில் இல்லை.

'மனக்கவலை உடம்பைத் தின்னும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது அதை ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொள்கிறோம். இங்கே அது தோலில் தெரிகிறது, நாள் கணக்கில் எண்ண முடிகிறது.

அந்தப் புண் ஆய்வைப் படித்தபோது எனக்கு என் பெரியம்மாவின் கைதான் கண்ணில் நின்றது. பெரியப்பாவுக்கு மறதி நோய் வந்து ஆறாவது வருடம். அவர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சட்டை தேடுவார். இரண்டு முறை கதவைத் திறந்துகொண்டு தெருமுனை வரை போய்விட்டார். அதிலிருந்து பெரியம்மா தன் மணிக்கட்டிலிருந்து அவர் மணிக்கட்டுக்கு ஒரு பழைய புடவைக் கரையைக் கிழித்துத் தொளதொளவென்று கட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். அவர் அசைந்தால் இவருக்கு விழிப்பு வரும். ஆறு வருடமாக விட்டு விட்டுத்தான் தூக்கம்.

அலமாரி மேல் ஒரு எண்பது பக்க நோட்டு இருக்கும். பெரியப்பாவுக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, காலையில் வெளிக்குப் போனாரா, எவ்வளவு சாப்பிட்டார், பிரஷர் எவ்வளவு என்று தேதி போட்டு எழுதியிருப்பார். ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை. அந்த முறை நான் போனபோது அவர் வலது கையில், கஞ்சி கொதித்துத் தெறித்த இடம் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து நீர் கோத்திருந்தது. "இது எப்போ?" என்றேன். "அது கெடக்கு, ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். அதே நோட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரஷர் மெஷினை எடுத்து அவர் கையில் கட்டினேன். 178க்கு 104. நான்கு வருடமாக நாளுக்கு இரண்டு முறை அந்த மெஷினை அவரே இயக்கியிருக்கிறார். தன் கையில் ஒருமுறைகூடக் கட்டிப் பார்த்ததில்லை. "எனக்கென்னப்பா, நடமாடிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பதுதான் அவர் சொன்ன பதில். ஒரு புண் ஆறாததற்குப் பல காரணம் இருக்கும். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதுவும் எத்தனை வருடமாக இருந்ததோ.

இனி சாவைப் பற்றிய கணக்கு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஒன்று. 66 முதல் 96 வயது வரை, துணையோடு சேர்ந்து வாழும் முதியவர்கள். 392 பேர் நோயுற்ற துணையைப் பார்த்துக்கொள்பவர்கள். 427 பேருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. நான்கு ஆண்டு தொடர்ந்தார்கள். துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் நெருக்கடிக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்களைக் கணக்கில் கழித்த பிறகும் இதுதான் நிலை.

இந்த 63ஐ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பயமுறுத்துவது நேர்மையில்லை. அதே ஆய்வில், துணையைப் பார்த்துக்கொண்டாலும் நெருக்கடி இல்லை என்றவர்களுக்கு அபாயம் கூடவில்லை. பிறகு 2013இல் டேவிட் ராத்தும் சக ஆய்வாளர்களும் 3,503 பேரை, எல்லா வகையிலும் அவர்களைப் போன்ற இன்னொரு 3,503 பேரோடு ஒப்பிட்டு ஆறு ஆண்டு பார்த்தார்கள். குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. அதாவது, பார்த்துக்கொள்வது விஷம் இல்லை. ஒருவருக்கு வேண்டியதைச் செய்வதில் மனிதருக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அது உடம்புக்கும் நல்லது. அப்படியானால் ஒரு வீட்டில் அது பலமாகவும் இன்னொரு வீட்டில் நோயாகவும் ஆவது எதனால்? என் பார்வையில், கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதற்கான முதல் பதில் 1980இலேயே வந்துவிட்டது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜாரிட், இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, மறதி நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் 29 பேரையும் நேரில் கண்டு பேசினார். நோய் முற்ற முற்ற, நோயாளி படுத்தும் பாடு கூடக் கூட, பார்த்துக்கொள்பவரின் சுமையும் கூடும் என்றுதான் எவரும் நினைப்போம். அவர்களும் அப்படித்தான் நினைத்துப் போனார்கள். கணக்கு வேறு மாதிரி வந்தது. நோயாளி எவ்வளவு மறக்கிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதோடு சுமை பொருந்தவில்லை. பொருந்தியது வேறொன்றோடு: குடும்பத்தில் மற்றவர்கள் நோயாளியை வந்து பார்த்தது எத்தனை முறை என்பதோடு. வருகை கூடிய வீட்டில் சுமை குறைவாக இருந்தது.

29 பேர் சிறிய எண்ணிக்கைதான். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் நோயாளியின் நடத்தைக் கோளாறுகளும், குறிப்பாக இரவு விழிப்பும் சந்தேகப்படுவதும் கத்துவதும், சுமையைக் கூட்டுவது தெரிந்தது. ஆனால் ஜாரிட் கண்ட அந்த இழை மறையவில்லை. அவர் உருவாக்கிய சுமை அளவுகோல்தான், பின்னர் 22 கேள்விகளாகச் சுருக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கேள்விக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, கோபம் வருகிறதா, உடம்பு கெட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா, இதை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றுகிறதா என்கிற தினுசில் போகும் கேள்விகள். பதினைந்து நிமிட வேலை. நம் ஊரில் இதைக் கேட்கப்பட்ட ஒருவரை நான் இதுவரை நேரில் சந்தித்ததில்லை.

வருகை என்றதும் நாம் நினைத்துக்கொள்ளும் வருகையைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவது நம்மிடம் இன்னும் மங்காத வழக்கம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். அரை மணி நேரம் உட்காருகிறோம். அந்த அரை மணிக்கு, பார்த்துக்கொள்பவர் காபி போட வேண்டும், புடவை மாற்றிக்கொண்டு வர வேண்டும், நோயாளிக்கு முகம் துடைத்து உட்கார வைக்க வேண்டும். "ரொம்ப இளைச்சுட்டாரே, சரியா சாப்பாடு குடுக்குறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வருகிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு மூலிகை வைத்தியத்தை அனுப்பி வைக்கிறோம். இது சுமையை இறக்கும் வருகை இல்லை. சோதனைக்கு அதிகாரி வந்து போனது போன்றது. சுமையை இறக்கும் வருகையில் வந்தவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பார்த்துக்கொள்பவர் எழுந்து வெளியே போவார், அல்லது உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்.

இரண்டாவது விஷயம், எல்லா நோயும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை. நிக்கோலஸ் கிரிஸ்டாகிஸ், பால் அலிசன் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு 5,18,240 தம்பதிகளின் மருத்துவப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. எல்லாரும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். மனைவி பெருங்குடல் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அடுத்த ஓராண்டுக்குள் இறந்த கணவர்கள் நூற்றுக்கு 6.4 பேர். மனைவிக்கு மனநோய் என்றால் 7.5. மறதி நோய் என்றால் 8.6. பெண்களிடமும் இதே சாய்வு: கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்றால் 3.0, மறதி நோய் என்றால் 5.0, மனநோய் என்றால் 5.7. உயிரைச் சீக்கிரம் பறிக்கும் நோயைவிட, ஆளை உயிரோடு வைத்துக்கொண்டே மாற்றிவிடும் நோய்தான் பக்கத்தில் இருப்பவரை அதிகம் அழிக்கிறது. கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர் அவர் இல்லை. அழவும் முடியாது, ஆறவும் முடியாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த இரண்டுங்கெட்டான் இழப்பைப் பற்றியே தன் வாழ்நாளில் பெரும்பகுதி எழுதினார்.

இன்னொரு முடிவு என்னை அதிகம் உலுக்கியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1,221 தம்பதிகளைப் பல ஆண்டு தொடர்ந்த ஓர் ஆய்வு 2010இல் வந்தது. துணைக்கு மறதி நோய் வந்தவர்களுக்குத் தங்களுக்கும் அது வரும் அபாயம், மற்றவர்களைவிட ஆறு மடங்கு. இது தொற்றுநோய் இல்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பழக்கங்கள் என்பதும் இதில் ஒரு பங்கு வகிக்கலாம். ஆனால் 2024இல் லான்செட் ஆணையம் மறதி நோய்க்கு, நம்மால் மாற்றக்கூடியவை என்று பட்டியலிட்ட 14 காரணங்களை எடுத்துப் பாருங்கள். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, மனச்சோர்வு, உடலுழைப்பின்மை, ஆள் தொடர்பு அற்றுப் போவது ஆகியவை அதில் இருக்கின்றன. நான்கு சுவருக்குள் ஒரு நோயாளியோடு ஆறு வருடம் அடைபட்டு, தன் ரத்த அழுத்தத்தைப் பார்க்காமலும், கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகாமலும், வாய்விட்டுப் பேச ஒருவரும் இல்லாமலும் இருப்பவர் இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வருகிறார். அந்த 14 காரணங்களையும் வாழ்நாள் முழுக்கக் கவனித்தால் உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது அதே ஆணையம். தடுப்பு என்பதை நோயாளியின் பிள்ளைகளுக்கான யோசனையாகத்தான் பேசுகிறோம். பார்த்துக்கொள்பவருக்குத்தான் அது இன்றே வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இது மறதி நோய் மட்டும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி மக்கள் தொகையில் 13.6 சதவீதம் பேர் முதியவர்கள். மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைப்பேறு விகிதமோ ஒரு பெண்ணுக்கு 1.8ஆக இறங்கிவிட்டது என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. ஐந்து பிள்ளைகள் பங்கிட்ட வேலையை இரண்டு பேர் பங்கிட வேண்டும். அதில் ஒருவர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். மீதி யார் என்பது மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் தெரிகிறது. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் செலவிடுவது நாளுக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்த்தி. 59 வயதைத் தாண்டிய என் பெரியம்மா போன்றவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

நம் நாட்டு மருத்துவம் குடும்பத்தை எப்போதும் நம்பியே இருந்திருக்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், இடமில்லாத காரணத்தால் வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளோடு குடும்பத்தினரையும் தங்க வைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் தொடக்கத்திலிருந்தே உறவினர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு சிகிச்சை தரும் முறையைக் கடைப்பிடித்தது. உலகம் பாராட்டிய முறைகள் இவை. நோயாளி தனித்துப் போகவில்லை, குடும்பம் நோயைப் புரிந்துகொண்டது. அந்தக் குடும்பம் என்ன விலை கொடுக்கிறது என்று கேட்டவர்களும் இங்கே இருந்தார்கள். பெங்களூரில் ஷைலா பாய், ஆர்.எல். கபூர் இருவரும் 1981இலேயே மனநோயாளிகளின் குடும்பச் சுமையை அளக்க ஒரு நேர்காணல் முறையை வகுத்தார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப், நம் குடும்பங்களுக்கென்றே ஒரு சுமை அளவுகோலைத் தயாரித்தது. வளரும் நாடுகளின் மறதி நோயாளிகளுக்காக 1998இல் கொச்சியில் தொடங்கிய 10/66 ஆய்வுக் குழுவின் களங்களில் சென்னையும் வேலூரும் உண்டு. அறிவு இல்லாமல் போகவில்லை. அது டிஸ்சார்ஜ் சீட்டு வரை நடந்து வரவில்லை.

நடந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் மேரி மிட்டல்மேன் குழு செய்த வேலை சான்று. மறதி நோய் வந்தவரின் கணவனுக்கோ மனைவிக்கோ நான்கு மாதத்தில் ஆறு முறை ஆலோசனை. அதில் இரண்டு தனியாக. மற்ற நான்கும், அவர் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்ன உறவினர்களோடு. நோயாளி அந்த அறையில் இருக்க மாட்டார். நோய் என்ன, யார் எதைச் செய்ய முடியும், யாரிடம் என்ன வருத்தம் இருக்கிறது என்று எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசுவது. அதன் பிறகு ஒரு ஆதரவுக் குழு. எப்போது வேண்டுமானாலும் ஆலோசகரை போனில் கூப்பிடலாம். 206 பேரை வைத்து 1996இல் வெளியான முடிவில், நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் நாள் ஏறக்குறைய ஓராண்டு, 329 நாள், தள்ளிப்போயிருந்தது. ஆய்வு 406 பேராக வளர்ந்து 2006இல் மறுபடி கணக்கிட்டபோது 557 நாள். மறதி நோய்க்கான எந்த மாத்திரையும் இப்படி ஒரு பலனைக் காட்டியதாக நான் படித்ததில்லை. பார்த்துக்கொண்டவர்களின் மனச்சோர்வும் குறைந்தது. கிடைத்த ஆதரவில் அவர்களுக்கு வந்த திருப்தி இந்த மாற்றத்தில் முக்கியப் பங்கு வகித்தது என்று பகுத்தும் காட்டினார்கள்.

நியூயார்க் வசதியான ஊர் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் படேல் முதலானோர் 81 குடும்பங்களில் செய்து பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். மேல்நிலைக் கல்வி முடித்த உள்ளூர்க்காரர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் நோயைப் பற்றிச் சொன்னார்கள், அடம் பிடித்தால் எப்படிச் சமாளிப்பது என்று காட்டினார்கள், மற்ற உறவினர்களை உதவிக்கு இழுத்தார்கள். மேற்பார்வைக்கு ஒரு மனநல மருத்துவரும் ஒரு ஆலோசகரும். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியிருந்தது.

வெளியே சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. லண்டனிலும் எசெக்ஸிலும் மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 220 குடும்பத்தினரிடம், பெயர் வெளிவராது என்ற உறுதியோடு கேட்டார்கள். 2009இல் வந்த ஆய்வு அது. 52 சதவீதம் பேர், கடந்த மூன்று மாதத்தில் நோயாளியிடம் கத்தியது, மிரட்டியது போன்ற ஏதோ ஒன்றைச் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். கை வைத்ததாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். இவர்கள் கொடியவர்கள் இல்லை. அதே நாளில் அதே நோயாளியின் வாயைத் துடைத்துச் சோறு ஊட்டியவர்கள். உங்கள் வீட்டில் ஒருநாள் ஓங்கிய கை அப்படியே நின்றிருந்தால், பிறகு நீங்கள் அடுப்படியில் நின்று அழுதிருந்தால், அது குணக்கேடு என்று புதைத்து வைக்க வேண்டாம். உங்களால் இனி தனியாக முடியாது என்பதற்கான அறிகுறி அது. நெஞ்சுவலிக்குச் சொல்வது போல ஒரு மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி.

அதுபோல இன்னும் சில. மூன்று வாரமாக இரவில் நான்கு மணி நேரம்கூடத் தொடர்ந்து தூக்கம் இல்லை. உங்கள் மாத்திரை தீர்ந்து நாளாகிவிட்டது, வாங்கவில்லை. நோயாளியைத் தூக்கித் திருப்பி இடுப்பு பிடித்துக்கொண்டது விடவே இல்லை. யார் போன் வந்தாலும் எடுக்கப் பிடிக்கவில்லை. 'இவர் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை' என்று தோன்றுகிறது, தோன்றியதற்காக நாள் முழுக்க உங்களையே வெறுக்கிறீர்கள். அல்லது 'நாம் இரண்டு பேருமே போய்விடலாம்' என்று தோன்றுகிறது. இந்தக் கடைசி ஒன்று வந்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பேசுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

அரசுக்குச் சொல்ல இருப்பது அதிகமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைத் திட்டங்களில் சேர்க்கச் சொல்கிறது. கேரளம் 2008இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. அங்கே அண்டை வீட்டுத் தொண்டர்களே படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வலி தணிப்பு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. படுக்கையில் ஒருவர் கிடக்கும் வீட்டுக்குள் அந்த ஊழியர் ஏற்கெனவே வந்துவிட்டார், அவர் பையில் மெஷின் இருக்கிறது. நோயாளிக்குப் பார்த்த பிறகு பக்கத்தில் நிற்பவருக்கும் பார், ஒரு வரி எழுது என்று ஓர் ஆணை போதும். புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

ஆணை வரும்போது வரட்டும். உங்கள் உறவில் இப்படி ஒரு வீடு கட்டாயம் இருக்கும். அடுத்த முறை போன் செய்யும்போது "அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்ட பிறகு, "நீங்க ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து, மாதத்தில் எந்த நாலு நாள் யாருடையது என்று காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள். வர முடியாதவர் ஒரு இரவு நர்ஸுக்கான பணத்தை அனுப்பட்டும். நேரில் போகும்போது ஆப்பிள் வேண்டாம். காலை பத்து மணிக்குப் போய் மாலை ஐந்து வரை நோயாளியோடு நீங்கள் இருங்கள். போனதும் முதல் வேலையாக, அந்த வீட்டில் இருக்கும் பிரஷர் மெஷினை எடுத்து, பார்த்துக்கொள்பவர் கையில் கட்டிப் பாருங்கள்.